உதறல்

இரவெல்லாம் தூறிவிட்டுக் காலையில் ஓய்ந்திருந்தது. செபாஸ்டியன் காரை டிரங்க் ரோட்டில் கரையான்சாவடி வரை ஒரு சுற்று ஓட்டிச் சூடேற்றிக்கொண்டு, காட்டுப்பாக்கத்துத் தெருவுக்குள் திரும்பி, தன் வீட்டு வாசலில் நிறுத்தினார். நிறுத்துகிற நேரத்திலும் வண்டி ஒரு உதறு உதறி முன்னால் எம்பியது.

"பாத்தல்ல? எப்படி உதறுதுன்னு பாத்தல்ல?"

வாசலைக் கழுவிக்கொண்டிருந்த சகாயமேரி துடைப்பத்தை நிறுத்திவிட்டு நிமிர்ந்தாள். "பாத்தேன்."

"உன் தம்பி என் தலைல கட்டின வண்டி."

அவள் மிச்சத் தண்ணீரைத் தெருவில் ஊற்றினாள். மூன்று மாதமாகத் தினமும் கேட்கிற பேச்சு.

செபாஸ்டியன் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு லேத் பட்டறையில் சூப்பர்வைசர். எதையும் தானே பார்த்தால் ஒழிய ஒத்துக்கொள்ளாதவர். பெட்ரோல் பங்கில் வண்டியை விட்டு இறங்கி, மீட்டரில் பூஜ்யம் வந்ததா என்று குனிந்து பார்ப்பார். சமையல் சிலிண்டர் வந்தால் பட்டறையிலிருந்து கொண்டுவந்த தராசுக் கொக்கியில் மாட்டித் தூக்குவார். மீன்காரம்மா அவர் வருவதைக் கண்டாலே, "நீயே செவுள பிரிச்சி பாத்துக்கோ நைனா" என்று கூடையைத் தள்ளிவிடுவாள். பட்டறையில் இதனால் அவருக்கு நல்ல பெயர். அவர் கை படாமல் ஒரு பீஸ் வெளியே போகாது.

பைக்கிலிருந்து விழுந்து இடது முழங்காலில் தகடு வைத்த பிறகு அவரால் கிளட்ச் மிதிக்க முடியவில்லை. அதற்காகத்தான் இந்த ஆட்டோமேட்டிக் கார். ஆவடியில் இருக்கிற மச்சான் ஆன்சன் புது வண்டி எடுத்தபோது பழையதை இவருக்குக் கொடுத்தான். "மாமா, உங்க காலுக்கு இதான் தோது. வலது காலு ஒண்ணு போதும்" என்றான். முதலில் நன்றாகத்தான் ஓடியது. பிறகு கிளம்பும்போது துள்ளியது, நிற்கும்போது உதறியது. போன ஆடி மாதம் கரையான்சாவடி சிக்னலில் நின்றிருந்த வண்டி சொல்லாமல் கொள்ளாமல் எம்பி, ஒரு கொய்யாப்பழத் தள்ளுவண்டியின் சக்கரத்தில் போய் இடித்தது. யாருக்கும் அடியில்லை. பழம் பொறுக்கிக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தவர், சட்டையைக்கூடக் கழற்றாமல் ஆன்சனுக்குப் போன் போட்டார்.

"வெள்ளத்துல முழுகின வண்டிய எனக்குக் குடுத்துகீற. உன் அக்கா தாலியறுத்துகினு நிக்கட்டும்னு நெனச்சியா?"

அன்றிலிருந்து ஆன்சன் அவர் கண்ணில் படவில்லை.

அப்புறம் செபாஸ்டியன் தானே ஆராய்ச்சியில் இறங்கினார். ஆட்டோமேட்டிக் வண்டியில் கியர் தானாக மாறுவதற்குப் பெட்டிக்குள் ஒரு சிவப்பு எண்ணெய் ஓடுகிறது. மாற்றாமல் விட்டால் கறுத்துப்போகும். தண்ணீர் புகுந்தால் பால் கலந்ததுபோல் வெளுத்துப்போகும். இரண்டிலும் வண்டி உதறும். இதெல்லாம் போனில் வீடியோ வீடியோவாகப் பார்த்துத் தெரிந்துகொண்டது. புதுப்பேட்டை உதிரிபாகக் கடைகளில் அலைந்து எண்ணெய் வாங்கினார். டப்பாவின் சீலை நகத்தால் சுரண்டிப் பார்த்ததில் கடைக்காரன், "சார், வாங்கறதுன்னா வாங்கு, நோண்டிகினு கீறாத" என்றான். வண்டியை ஏற்றி நிறுத்த இரும்புச் சரிவு இரண்டும் பட்டறையில் அவரே வெல்டிங் வைத்தது.

ஒரு கண்ணாடி பாட்டிலையும் கழுவிக் காயவைத்திருந்தார். பெட்டியிலிருந்து வரும் கறுப்பு எண்ணெயை அதில் பிடித்து ஆவடிக்கே எடுத்துப் போய் ஆன்சன் முன்னால் வைக்க வேண்டும். அவன் என்ன சொல்கிறான் பார்ப்போம்.

இதில் அவசரமும் இருந்தது. மகள் ஹெலினா பிரசவத்துக்கு வந்திருக்கிறாள். மாப்பிள்ளைக்கு ஓசூரில் வேலை. வலி எடுத்த பிறகுதான் வர முடியும். எந்த நேரமும் ஆகலாம் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டாள். "என் பொண்ண நான் இட்டுகினு போவேன். கண்டவன் ஆட்டோல ஏத்த மாட்டேன்" என்று செபாஸ்டியன் சொல்லியிருந்தார். அதைச் சொன்ன அன்று சகாயமேரி அவரையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வை அவருக்குப் பிடிக்கவில்லை. கொஞ்ச நாளாகவே அவள் அப்படித்தான் பார்க்கிறாள். எதையோ மறைக்கிறவளின் பார்வை.

காரின் சீட்டும் ஒரு பல் முன்னால் தள்ளியிருந்ததை அவர் கவனித்திருந்தார். ஒரு நாள் நடுக்கண்ணாடி கீழே பார்த்துக்கொண்டிருந்தது. கேட்கவில்லை. கேட்டால் உஷாராகிவிடுவார்கள்.

வண்டியைச் சரிவுகள் மேல் ஏற்றினார். அதிலும் ஒரு துள்ளல். அட்டைப் பெட்டியைப் பிரித்துத் தரையில் விரித்து, செருப்பைக் கழற்றிவிட்டு, மடங்காத இடது காலை நீட்டியபடி அடியில் நுழைந்தார். ஹெலினா வாசல் ஓரத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து தோசையை வடகறியில் தொட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

"அப்பா, ஆயில் சூடா இருக்கப்போவுதுப்பா."

"சூடாதான் இருக்கணும். சூட்டுலதான் அழுக்கு கரைஞ்சி வரும்."

அடியில் மண்ணும் கிரீசும் கலந்த வாடை. ஸ்பேனரைப் போட்டு அடிப்பக்கத்துப் போல்ட்டை நெம்பினார். இவ்வளவு நாள் திறக்காத போல்ட் முரண்டு பிடிக்கும் என்று தோளை வாட்டமாக வைத்துக்கொண்டிருந்தார். அது ஒரே இழுப்பில் இளகிக் கொடுத்தது. அங்கேயே அவருக்குச் சுருக்கென்றது. விரலால் சுற்றிக் கழற்றிக் கையை இழுத்துக்கொண்டார். எண்ணெய் அலுமினியப் பேசினில் கயிறுபோல இறங்கியது.

சொட்டு நின்றதும் வெளியே வந்து, குட்டை ஸ்டூலில் உட்கார்ந்து, பேசினை ஒரு கையால் தன் பக்கம் இழுத்தார். அது அலம்பி, ஒரு வாய் எண்ணெய் விளிம்பைத் தாண்டி அவருடைய வலது பாதத்தில் கொட்டியது. அவர் அதைப் பார்க்கவில்லை. பேசினுக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தார்.

எண்ணெய் கறுப்பாக இல்லை. வெளுப்பாகவும் இல்லை. ரோஸ் சர்பத் மாதிரி, அடித்தட்டு தெரிகிற சிவப்பு.

விரலில் தொட்டு முகர்ந்தார். தீய்ந்த வாடை இல்லை. கழற்றிய போல்ட்டைத் துணியால் துடைத்தார். செம்பு வாஷர் புதுசு. போல்ட்டின் தலையில் ஒரு பொட்டு நீல பெயிண்ட். இறுக்கிய போல்ட்டில் நீலப் பொட்டு வைக்கிறவன் இந்தச் சுற்றுவட்டாரத்தில் ஒருத்தன்தான். வானகரத்தில் மெக்கானிக் பட்டறை வைத்திருக்கிற வேம்புலி.

கையைத் துடைக்காமலே போனை எடுத்தார்.

"வேம்புலி, என் வண்டிக்கு நீ கியர் ஆயில் மாத்தினியா?"

மறுமுனையில் சுத்தியல் சத்தம் நின்றது. பிறகு, "அண்ணாத்தே, ஒரு கஸ்டமர் கூட கீறேன். அப்பால பேசறேனே" என்று போன் நின்றது. மறுபடி அடித்தார். எடுக்கவில்லை.

"சகாயம்."

உள்ளே நெத்திலிக் கருவாட்டைத் தலை கிள்ளிக்கொண்டிருந்தவள், முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். பேசினைப் பார்த்தாள். முகத்தில் ஆச்சரியம் எதுவும் இல்லை. அதைச் செபாஸ்டியன் குறித்துக்கொண்டார்.

"சாவிய யாராண்ட குடுத்த?"

"யாராண்டயும் குடுக்கல."

"இந்த ஆயில் ஒரு மாசம்கூட ஓடல. நான் எஸ்டேட் பஸ்ல போற நாள்ல வண்டி வெளிய போய்க் கீது. வேம்புலிகிட்ட போய்க் கீது. அவன் போன எடுக்க மாட்றான். உன் தம்பிதான? பகல்ல வந்து எடுத்துகினு போறான். சவாரி ஓட்றானா? இல்ல, தப்ப மறைக்க திருட்டுத்தனமா ஆயில மாத்தி வெச்சிட்டு, எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு நிக்கப் போறானா?"

"அவன் ஏன் மறைக்கணும்?"

"அத்த நீ சொல்லு. ரெண்டு பேரும் சேந்து இன்னா பண்ணிகினு கீறீங்கன்னு நீ சொல்லு."

"அப்பா, கத்தாதப்பா" என்றாள் ஹெலினா. எதிர்வீட்டு யுவராணி துணி உலர்த்துகிற சாக்கில் மாடியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

சகாயமேரி குரலை உயர்த்தவில்லை. "மொதல்ல ஆயில ஊத்துங்க. வண்டிய காலியா நிறுத்தி வெச்சிகினு பேசாதீங்க. இவளுக்கு இப்ப வலி எடுத்தா இன்னா பண்ணுவீங்க?"

செபாஸ்டியன் மறுபடி அடியில் நுழைந்தார். வாஷரை மாட்டி போல்ட்டை இறுக்கினார். வெளியே வந்த எண்ணெயைத் தண்ணீர் பாட்டில்களில் ஊற்றி மட்டம் பார்த்து, அதே அளவு புது எண்ணெயை பானெட்டைத் திறந்து நீளப் புனலில் ஊற்றினார். மெல்லத்தான் இறங்கியது. வெயில் வந்து, ஈரத் தரையிலிருந்து ஆவி கிளம்பியது. சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டது. உள்ளிருந்து கத்தரிக்காயும் கருவாடும் கொதிக்கிற வாசனை வந்தது. கை வேலையில் இருந்தாலும் மனசு ஓடிக்கொண்டிருந்தது. சகாயமேரி வியாழக்கிழமைகளில் ஜெபக்கூட்டம் என்று போகிறாளே, அது நிஜமாகவே ஜெபக்கூட்டம்தானா? இருபத்தெட்டு வருஷமாக ஒரு பொய் சொல்லாதவள். சொல்லாதவளா, இவர் கண்டுபிடிக்காதவளா?

ஊற்றி முடித்து வண்டியைச் சரிவிலிருந்து இறக்கிச் சமதரையில் நிறுத்தினார். இனி மட்டம் பார்க்க வேண்டும். என்ஜின் ஓடிக்கொண்டிருக்க, ஒருவர் சீட்டில் உட்கார்ந்து பிரேக்கை மிதித்தபடி கியரை ஒவ்வொன்றாகத் தள்ள வேண்டும்; இன்னொருவர் அளவுக் கம்பியை உருவிப் பார்க்க வேண்டும். இது மட்டும் தனியாக ஆகாத வேலை. ஹெலினாவின் வயிற்றுக்கு ஸ்டியரிங் இடம் கொடுக்காது.

"இந்தா, இப்படி வா" என்றார் மனைவியிடம். "பிரேக்க அழுத்தி மிதிச்சிகினு குந்தணும். வுட்டுட்டா வண்டி போய்டும். நான் சொல்லச் சொல்ல இந்த லீவர ஆர், என், டின்னு ஒவ்வொரு எழுத்தா தள்ளணும். பயப்படாத."

சகாயமேரி அடுப்பைத் தணித்துவிட்டு வந்து ஏறினாள். செபாஸ்டியன் பானெட்டுக்குப் பக்கத்தில் ஒதுங்கி நின்று கம்பியைப் பிடித்தார்.

கதவு சாத்துகிற சத்தம். உடனே சீட்டு ஒரு பல் முன்னால் நகர்கிற சத்தம். சீட்டுக்கு அடியில் அந்தக் கொக்கி எங்கே இருக்கிறது என்று அவர் சொல்லவே இல்லை.

"ஆர் போடு."

லீவர் இறங்கியது. வண்டி பின்பக்கம் போக எத்தனித்து, பிரேக்கில் நின்றது. அவள் சற்று நிறுத்தினாள். கியர் பிடிக்கட்டும் என்று நிறுத்துகிற நிறுத்தல்.

"என்..."

அவர் முடிப்பதற்குள் என். பிறகு டி. பிறகு திரும்ப ஒவ்வொன்றாக மேலே. ஒரு துள்ளல் இல்லை, உதறல் இல்லை. ஊஞ்சலை நிறுத்துகிற மாதிரி நின்று நின்று வந்தது.

கம்பியில் மட்டம் சரியாக இருந்தது. அவர் அதைத் துடைத்துத் திரும்பச் சொருகினார். என்ஜினை அணைக்கச் சொல்லவில்லை, அவளே அணைத்தாள். ஜன்னல் பக்கம் வந்து நின்றார்.

"எப்ப கத்துகின?"

அவள் ஸ்டியரிங்கைப் பார்த்தபடி சொன்னாள். "ஆடி மாசத்துக்கு அப்பறம். ஆன்சன்தான் கத்துக் குடுத்தான். திருவேற்காடு பக்கத்துல மனை போட்டு வெச்சிகீறாங்களே, அங்க."

"வியாழக்கெழம."

"ஆமா. பூந்தமல்லில லைசென்சும் வாங்கிட்டேன்."

"என்னாண்ட ஏன் சொல்லல?"

"சொன்னா வுட்டிருப்பீங்களா?"

"எதுக்கு உனக்கு வண்டி? நான் செத்துட்டனா?"

"சாவக் கூடாதுன்னுதான்" என்றாள் சகாயமேரி. "கொய்யா வண்டில இடிச்சிங்களே, அன்னிக்கு நான் பக்கத்துல குந்தியிருந்தேன். வண்டி உதறுதுன்னு நீங்க சொன்னீங்க. நானும் அப்படித்தான் நெனச்சேன். அப்பறமா ஆன்சன் ஓட்டினான், உதறல. சரி, அவன் வண்டி, அவன் வுட்டுக் குடுக்க மாட்டான்னு நெனச்சேன். அவன்மேல எனக்கும்தான் சந்தேகம். வேம்புலியாண்ட எடுத்துகினு போனேன். அவன் ஓட்டிப் பாத்தான், உதறல. எதுக்கும் இருக்கட்டும், ஆயில மாத்திக் குடுன்னு நான்தான் சொன்னேன். உங்களாண்ட சொல்லக் கூடாதுன்னும் நான்தான் சொன்னேன். மாத்தினப்பறமும் நீங்க ஓட்டினா உதறுது."

"அப்ப நான் வேணும்னே உதறுறேன்றியா?"

"வேணும்னே இல்ல."

"பின்ன?"

அவள் கதவைத் திறந்து இறங்கினாள். எதிர்வீட்டு மாடியை ஒரு முறை பார்த்தாள். குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"வலது காலு மரத்துப் போய்க் கீது உங்களுக்கு. பிரேக்கு மேல எவ்ளோ அழுத்தறோம், பெடல்மேல காலு கீதா இல்லையான்னே தெரியாம மிதிக்கிறீங்க. செருப்பு கழண்டு வுழுந்தது தெரியாம சர்ச்சு வாசல் வரைக்கும் நடந்து வந்தீங்க. நான் பின்னால எடுத்துகினு வந்தேன்."

"யாரு சொன்னது? ஆன்சனா? அவன் தப்பிச்சிக்க ஒரு கத கட்டறான், நீ தலையாட்டற. என் காலுக்கு ஒண்ணும் இல்ல. சுகர் டாக்டர் போன மாசம்தான் பாத்தாரு. நல்லா கீதுன்னாரு."

"கீழ பாருங்க."

"இன்னாத்த?"

"உங்க கால பாருங்கன்றேன்."

அவர் குனிந்தார். வலது பாதத்தின் மேல்பக்கம் விரல்களிலிருந்து கணுக்கால் வரை சிவந்து, நடுவில் உள்ளங்கை அகலத்துக்குத் தோல் உப்பிக்கொண்டு நின்றது. கொப்புளம் ஒரு ஓரத்தில் உடைந்து, நீர் வழிந்து, சுற்றிலும் எண்ணெயும் மண்ணும் அப்பியிருந்தன. அந்தக் காலோடுதான் அவர் அடியில் போய் போல்ட்டு இறுக்கினார், எண்ணெய் ஊற்றினார், வண்டியை இறக்கினார்.

ஹெலினா நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். "ஐயோ, சுடலியாப்பா?"

"சுட்டுது" என்றார்.

ஒரு விரலை நீட்டிக் கொப்புளத்தின் ஓரத்தைத் தொட்டார். பிறகு அழுத்தினார். இன்னொருவர் காலை அழுத்துகிற மாதிரி இருந்தது.

சகாயமேரி குழாய்த் தண்ணீரை வாளியில் பிடித்துக்கொண்டு வந்து, அவரை ஸ்டூலில் உட்காரவைத்து, காலில் மெல்ல ஊற்றினாள். தண்ணீர் சில்லென்று இருக்கிறதா என்று அவள் கேட்கவில்லை. அது அவருக்கு ஆறுதலாக இருந்தது. இரண்டாவது வாளி ஊற்றும்போது அவரே பேசினார்.

"அந்த டாக்டரு, நைலான் நரம்பு மாதிரி ஒண்ணு வெச்சிகினு பாதத்துல குத்துவாரு. கண்ண மூடிகினு, குத்தறது தெரிஞ்சா தெரியுதுன்னு சொல்லணும்."

"ம்."

"நான் ஓரக்கண்ணால பாத்துகினு சொன்னேன்."

வாளி அவள் கையில் அப்படியே நின்றது. கோபப்படப் போகிறாள் என்று நினைத்தார். அவள் மிச்சத் தண்ணீரையும் ஊற்றினாள்.

"எத்தினி வாட்டி?"

"ரெண்டு வாட்டி. அதுக்கு முன்னாடி தெரிஞ்சிது. நெசமாவே தெரிஞ்சிது." ஈரக் காலைப் பார்த்துக்கொண்டு, "அந்தக் காலும் போச்சின்னா நான் வண்டி எப்படி ஓட்றது, வேலைக்கு எப்படிப் போறது?" என்றார்.

"பஸ்ல போலாம். நான் கொண்டாந்து வுடறேன். அத்த அப்பால பாக்கலாம். இப்ப எழுந்து டாக்டராண்ட வாங்க."

"யார் ஓட்றது?"

கேட்ட பிறகுதான் அந்தக் கேள்வி அவருக்கே அசட்டுத்தனமாகப் பட்டது. இடது பக்கம் ஏறி உட்கார்ந்தார். டிரங்க் ரோடு போகிற வரைக்கும் காதைத் தீட்டிக்கொண்டு வந்தார். வண்டி ஒரு இடத்தில்கூட உதறவில்லை. உதறினால் நன்றாக இருக்குமே என்றும் ஒரு இடத்தில் நினைத்துக்கொண்டார்.

அன்று மாலை கட்டுப்போட்ட காலைத் தலையணைமேல் வைத்துக்கொண்டு ஆன்சனுக்குப் போன் போட்டார். மன்னிப்பு என்று எதுவும் கேட்கவில்லை. "கருவாட்டுக் கொழம்பு மீந்து கீது, வரியா?" என்றார். ஆன்சன் வந்தான். அவனும் எதையும் கிளறவில்லை. சாப்பிட்டு முடித்துக் கை கழுவும்போது மட்டும், "மாமா, அக்கா நல்லா ஓட்டுதா?" என்று கேட்டான்.

"ரிவர்ஸ்ல கண்ணாடி பாக்க மாட்றா" என்றார் செபாஸ்டியன்.

புதன்கிழமை பகல் சாப்பாட்டு நேரத்தில் ஹெலினாவுக்கு வலி எடுத்தது. வெளியே கொட்டிக்கொண்டிருந்தது. மாப்பிள்ளைக்குச் சொல்லிவிட்டு, பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார்கள். சகாயமேரி ஓட்டினாள். காட்டுப்பாக்கத்திலிருந்து போரூர் வரை மெட்ரோ வேலைக்கு வைத்த தடுப்புகளுக்கு நடுவில் தண்ணீர் தேங்கி, லாரிகள் அலையடித்துக்கொண்டு போயின. செபாஸ்டியன் பக்கத்தில் உட்கார்ந்து, "லெப்ட்ல பைக்கு வரான்", "பள்ளம் கீது", "கிட்ட போவாத" என்று ஓயாமல் சொல்லிக்கொண்டு வந்தார். பின் சீட்டில் மகள் பல்லைக் கடித்துக்கொண்டு, "அப்பா, செத்த நேரம் சும்மா வாப்பா" என்றாள். அப்புறம் வாயை மூடிக்கொண்டார்.

ஆஸ்பத்திரி போர்டிகோவில் வண்டி நின்றது. நர்ஸ் சக்கர நாற்காலியோடு ஓடிவந்தாள். சகாயமேரி இறங்கி மகளைத் தாங்கிக்கொண்டு உள்ளே போனாள். போகிற அவசரத்தில் சாவியை அவர் மடியில் போட்டுவிட்டுப் போனாள்.

பின்னால் ஒரு ஆம்புலன்ஸ் வந்து ஹாரன் அடித்தது. ரெயின்கோட் போட்ட செக்யூரிட்டி ஆள் ஜன்னலைத் தட்டினான்.

"சார், வண்டிய எடுங்க. ஆம்புலன்ஸ் நிக்குது பாருங்க."

"டிரைவர் உள்ள போய்க் கீறாங்க. இப்ப வந்துடுவாங்க."

"உங்க மடிலதான சார் சாவி கீது?"

செபாஸ்டியன் சாவியைப் பார்த்தார். பத்தடி தள்ளினால் போதும். ஸ்டியரிங் பக்கத்தில்தான் இருந்தது. பின்னால் ஆம்புலன்சிலிருந்து ஒரு கிழவரை ஸ்ட்ரெச்சரில் இறக்கிக்கொண்டிருந்தார்கள். மழையில் நான்கைந்து பேர் குடை இல்லாமல் சுற்றி நின்றார்கள்.

"நான் ஓட்டக் கூடாதுப்பா" என்றார். "எனக்குக் காலு தெரியாது. பிரேக்கு மேல கீதா, வேற எதுமேலயாவது கீதான்னு தெரியாது. இந்தா, உனக்கு வண்டி தெரிஞ்சா நீ தள்ளி நிறுத்து. இல்லன்னா அந்தம்மா வர வரைக்கும் இரு."

சாவியை ஜன்னல் வழியாக நீட்டினார். முன்பின் தெரியாதவன் கையில் அவர் எதையும் கொடுத்ததில்லை.

செக்யூரிட்டி சாவியை வாங்கவில்லை. குனிந்து உள்ளே பார்த்தான். இரண்டு காலும் முழுசாக இருந்தன. ஒன்றில் மட்டும் கட்டு. வண்டியை எடுக்க மனசில்லாமல் கதை விடுகிற ஆளைப் பார்க்கிற மாதிரி அவரை மேலும் கீழும் பார்த்தான்.

"நெசமாத்தாம்பா" என்றார் செபாஸ்டியன்.